தோலுரித்தல் ஓமோனின் வரலாறு: ஒரு கண்டுபிடிப்பும் அதன் சமூகப் பின்புலமும்

அறிவியலின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஒரு கண்டுபிடிப்பு என்ற முறையில் பாடநூல்கள் தரும் பட்டியலை மாணவர் மனனஞ் செய்கின்றனர். இதற்கு எதிர்நிலையில் நின்று, அறிவியற் கண்டுபிடிப்புகள் யாவும் பொருளாதாரத் தேவைகளின் நேரடி விளைவுகளே என்று சுருக்கிக் கூறும் போக்கும் முற்போக்காளர் சிலரிடையே காணப்படுகின்றது. இவ்விரு விளக்கங்களும் எவ்வளவு தூரம் போதுமானவை என்பதை ஒரு குறிப்பிட்ட கண்டுபிடிப்பின் வரலாற்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பூச்சிகளின் தோலுரித்தலைக் கட்டுப்படுத்தும் ஓமோன் எவ்வாறு உடலில் உண்டாகின்றது என்பது பற்றிய அறிவு உருவான வரலாற்றையே நாம் இதற்கெனத் தெரிந்தெடுத்துள்ளோம்.

பிரச்சினையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் புறவன்கூடு கைற்றினும் புரதங்களும் சேர்ந்து இறுகியது. உடல் பெருக்கும்போது அதற்கு ஈடாக இக்கூடு பெருப்பதில்லை. ஆதலின் வளர்ச்சியின் குறித்த கட்டங்களிற் பூச்சி பழைய தோலின் கீழே புதிய தோலொன்றை உண்டாக்கிக்கொண்டு பழையதைக் கழற்றிவிடுகின்றது. பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தை எய்துகின்றது. அதன் பின்னர் கூடு கட்டி, மீண்டும் தோலுரித்துக் கூட்டுப்புழுவாகின்றது. இறுதியாக அந்துப்பூச்சியாக வெளிவருகின்றது. உடலின் எல்லாப் பாகங்களிலும் இம்மாற்றம் ஒரே காலத்தில் நிகழவேண்டும். தலையில் ஒரு நாளும் வயிற்றில் வேறொரு நாளும் தோல் உரியுமாயின் உயிரி பிழைக்காது. அவ்வாறாயின் காலத்தைக் குறித்துக் கட்டளையிடுவது எது? கட்டளை எவ்வழியாகச் செல்கின்றது?

மறுப்பு ஒன்று விதியான கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கேள்விக்கு விடை தேடுவதற்கே ஒரு தடை இருந்தது. 1902இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் முள்ளந்தண்டு விலங்குகளின் குடலிற் சுரந்து, குருதி வழியே சென்று, சதையியைத் தூண்டும் பதார்த்தமொன்றைக் கண்டறிந்தனர். 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய பதார்த்தங்களைக் குறிக்க ஓமோன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஆயின் பூச்சிகளிடத்து ஓமோன்கள் இல்லை என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் துணிபாக இருந்தது.

இத்துணிபுக்குச் சான்று இல்லாமலில்லை. கோழிச் சேவலின் விதைகளை அகற்றினால் அதன் கொண்டை சுருங்குகின்றது. அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுவிலிருந்து இனப்பெருக்க உறுப்புகளை அகற்றினாலோ, எதிர்ப்பாலின் உறுப்புகளை அதன் உடலிற் பொருத்தினாலோ, பின்னர் வெளிவரும் அந்துப்பூச்சியின் சிறகிலும் உணர்கொம்பிலும் பால்சார்ந்த மாற்றம் எதுவும் தோன்றுவதில்லை. 1899இல் ஊடெமான்ஸ் தொடங்கிவைத்த இவ்வகைப் பரிசோதனைகளை மைசன்கைமர் முதலியோர் விரிவாகச் செய்து அதே முடிபை அடைந்தனர். இப்பரிசோதனைகள் பிழையானவையல்ல, அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட முடிபே பிழையானது. ஓர் உறுப்பைப் பற்றிய எதிர்மறை விடை, ஒரு வகுப்பு உயிரினம் முழுவதற்குமான விதியாக விரிக்கப்பட்டது. விதி நிலைபெற்றதும் அதற்கு மாறான கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

இவ்விதியை உடைத்தவர் போலந்து நாட்டவரான ஸ்தெபான் கோபெச் (1888-1941) ஆவார். இனப்பெருக்க உறுப்புகளை அகற்றும் பரிசோதனைகளை அவரும் முன்னர் செய்திருந்தார். மற்றையோர் கண்ட முடிபையே அவரும் கண்டிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் அவர் அவ்விடத்து நின்றுவிடவில்லை. ஜிப்சி அந்து எனப்படும் பூச்சியின் இறுதிப் பருவக் கம்பளிப்புழுக்களை எடுத்து, உடலின் நடுவே நூலால் இறுகக் கட்டினார். முன்பாகத்தின் குருதி பின்பாகத்துக்குச் செல்லாதவாறு இக்கட்டு தடுத்தது. இறுதிப் பருவத்தின் ஏறத்தாழப் பத்தாம் நாளுக்கு முன்னர் கட்டப்பட்ட புழுக்களில் முன்பாகம் மட்டுமே கூட்டுப்புழுவாக மாறியது. பின்பாகம் புழுவாகவே இருந்தது. அந்நாளுக்குப் பின்னர் கட்டப்பட்டவற்றில் இரு பாகங்களும் மாறின. நரம்பு நாணை மட்டும் அறுத்து, குருதியோட்டத்தைத் தடைசெய்யாது விட்டபோது உடல் முழுவதும் வழமைபோல் மாறியது. ஆகவே கட்டளை நரம்பு வழியாகவன்றிக் குருதி வழியாகவே செல்கின்றது என்பது தெளிவாயிற்று.

அடுத்து அவர் மூளையை அகற்றினார். குறித்த நாளுக்கு முன்னர் மூளை அகற்றப்பட்ட புழுக்கள் நெடுநாள் உயிர்வாழ்ந்தும் கூட்டுப்புழுவாகவில்லை. பின்னர் அகற்றப்பட்டவை கூட்டுப்புழுவாயின. வேறு நரம்புத்திரட்டுகளை அகற்றியபோது இவ்விளைவு ஏற்படவில்லை. மூளையே குருதியில் ஏதோவொரு பதார்த்தத்தைச் சுரக்கின்றது என அவர் முடிவுகட்டினார். 1917இல் கிராக்கோவிலும், 1922இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் ஆங்கிலத்திலும் இவ்வாய்வு வெளிவந்தது. எந்த விலங்கிலாயினும் நரம்புத் தொகுதி ஒரு சுரப்பியாகத் தொழிற்படுவதைப் பரிசோதனை மூலம் காட்டிய முதல் ஆய்வு இதுவே எனலாம்.

பத்தாண்டுகளுக்கு மேலாக இதனைத் தொடர்ந்து ஆராய முன்வந்தோர் மிகச் சிலரே. இதற்கு அவர் ஐரோப்பிய அறிவுலகின் விளிம்பில் இருந்தமையை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஆய்வு ஆங்கிலத்திலும் கிடைத்தது என்பதை மேலே கண்டோம். நரம்புக்கலம் மின்கணத்தாக்கத்தைக் கடத்துவது, சுரப்பிக்கலம் பதார்த்தத்தைச் சுரப்பது என்ற பாகுபாடு அக்காலத்து உடற்றொழிலியலின் அடிப்படையாக இருந்தது. மூளை சுரக்கின்றது என்ற கூற்று அந்தப் பாகுபாட்டையே கேள்விக்குள்ளாக்கியது. எனவே சான்று கிடைத்திருந்தும் அதை ஏற்கும் சிந்தனைச் சட்டகம் இருக்கவில்லை. கருத்துகளுக்கும் தமக்கென ஒரு வலு உண்டு என்பதை இங்கு காண்கின்றோம்.

இலண்டனும் யப்பானும்

கேள்வி மீண்டும் உயிர்பெற்றது 1930களில் ஆகும். வெப்பவலய நோய்களை ஆராயவென இலண்டனில் இயங்கிய சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரியில் வின்சன்ற் விக்கிள்ஸ்வேர்த் பணியாற்றினார். பேரரசின் நிருவாகத் தேவைகள் பூச்சியியலுக்குப் பணமும் பதவிகளும் அளித்த காலம் அது. ஆயின் அவர் ஆராய்ந்த பூச்சி, தென்னமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் குருதியுறிஞ்சி மூட்டுப்பூச்சியான ரொட்னியஸ் ஆகும். பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் முதன்மையான நோயெதனையும் பரப்புவதன்று அது. அதன் சிறப்பு வேறு. ஒவ்வொரு பருவத்திலும் ஒரேயொரு முறை வயிறு நிறையக் குருதி குடித்தால், குறித்த நாட்களின் பின் அது தோலுரிக்கும். உணவு கொடுத்த நாளிலிருந்து காலத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தமையால் பரிசோதனைக்கு அது மிகவும் வாய்ப்பாக அமைந்தது.

குருதி குடித்த ஒருசில நாட்களுக்குள் தலையை வெட்டிவிட்டால் ரொட்னியஸ் தோலுரிப்பதில்லை. வியப்புக்குரிய வகையில் அது தலையின்றியே பல மாதங்கள் உயிர்வாழ்கின்றது. குறித்த காலம் கடந்தபின் தலையை வெட்டினால் தோலுரிக்கின்றது. இவ்விரு வகைப் பூச்சிகளையும் கழுத்தோடு கழுத்தாக இணைத்து, குருதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமாறு மெழுகினால் விக்கிள்ஸ்வேர்த் பொருத்தினார். தோலுரிக்காதிருக்க வேண்டிய பூச்சியும் தோலுரித்தது. 1934இல் வெளிவந்த இவ்வாய்வில் ஓமோனின் பிறப்பிடத்தை அவர் முதலில் மூளைக்குப் பின்னாலுள்ள வேறொரு சுரப்பியெனக் கருதினார். 1940இல் மூளையின் ஒரு பகுதியைத் தலையற்ற பூச்சியின் உடலிற் பதித்துத் தோலுரித்தலைத் தூண்டிக் காட்டி, தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். கோபெச்சின் முடிபு இவ்வாறு உறுதிபெற்றது.

அதே இலண்டனில் கொட்பிரீட் பிரெங்கல் என்பவரும் இத்துறையில் ஈடுபட்டிருந்தார். யூதர் என்ற காரணத்தால் 1933இல் பிராங்பேட் பல்கலைக்கழகப் பதவியை இழந்து பிரித்தானியாவில் அடைக்கலம் புகுந்தவர் அவர். நீல நிற இலையான் வகையொன்றின் புழுவை நடுவே கட்டி, மாறாதிருந்த பின்பாகத்தினுள், மாற்றமடையும் புழுவின் குருதியை ஏற்றினார். பின்பாகத்தின் தோல் இறுகிக் கபில நிறமாயிற்று. 1935இல் வெளியான இந்த எளிய பரிசோதனை பின்னர் ஓமோனின் அளவை மதிப்பிடும் அளவுகோலாகவே பயன்பட்டது. துரத்தப்பட்ட ஒருவரின் கைநூல், இருபதாண்டின் பின், அவரைத் துரத்திய நாட்டின் இரசாயனவியலாளருக்கே வழிகாட்டிற்று என்பது வரலாற்றின் முரண்களில் ஒன்றாகும்.

யப்பானில் ஆய்வு வேறொரு சூழலில் நிகழ்ந்தது. 1930களின் தொடக்கம் வரை அந்நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள் கச்சாப் பட்டு ஆகும். நகானோ முதலிய மாவட்டங்களின் ஆலைகளில் ஏழைக் குடியானவரின் பெண்மக்கள் கொதிநீர்த் தொட்டிகளின் அருகே நெடுநேரம் நூலிழுத்தனர். இத்தொழிலைச் சார்ந்து பட்டுப்புழு பற்றிய விரிந்த அறிவும் வளர்ந்தது. இச்சூழலில் சோய்ச்சி புக்குடா 1940இல், தோலுரித்தலுக்கும் கூட்டுப்புழுவாதலுக்கும் வேண்டிய ஓமோன் பட்டுப்புழுவின் முன்மார்புச் சுரப்பியிலிருந்து வருகின்றது என்று காட்டினார். ஓமோன் சென்றடையாதவாறு கட்டிப் பிரித்த வயிற்றுப் பாகத்தில் இச்சுரப்பியைப் பதித்தபோது அப்பாகம் கூட்டுப்புழுவாயிற்று.

இச்சுரப்பியை உடலமைப்பு முறையிற் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லியோனே என்பவர் ஒரு கம்பளிப்புழுவிற் கண்டு விவரித்திருந்தார். பட்டுப்புழுவின் சுரப்பியை 1902இல் தோயாமா விவரித்தார். கண்ணுக்குத் தெரிந்த உறுப்பு ஒன்றின் தொழிலை அறிய ஏறத்தாழ 180 ஆண்டுகள் சென்றன என்பது கவனிக்கத்தக்கது. உறுப்பைக் காண்பதற்குக் கத்தியும் வில்லையும் போதும். அதன் தொழிலை அறிய ஓமோன் என்ற கருத்தே வேண்டியிருந்தது.

முரண்பாடும் அதன் தீர்வும்

இப்போது இரு விடைகள் எதிரெதிராக நின்றன. ஓமோனைச் சுரப்பது மூளை என்றது ஐரோப்பிய ஆய்வு. முன்மார்புச் சுரப்பி என்றது யப்பானிய ஆய்வு. இரண்டாம் உலகப் போர் அறிவுலகையும் பிளந்திருந்தமையால் இவற்றை நேருக்குநேர் ஒப்பிடுவதும் தாமதமாயிற்று. அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் வில்லியம்ஸ் 1940களின் பிற்பகுதியில் இம்முரண்பாட்டைத் தீர்த்தார். செக்குரோப்பியா எனப்படும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு குளிர்காலம் முழுவதும் உறங்குநிலையிற் கிடக்கும். குளிரூட்டப்பட்ட மூளையைப் பதித்தால் அது விழித்து வளரத் தொடங்கும். ஆயின் தனியாகப் பிரித்த வயிற்றுப் பாகத்தில் மூளையை மட்டும் பதித்தாற் பயனில்லை. மூளையையும் முன்மார்புச் சுரப்பியையும் ஒருங்கே பதித்தபோதே அது வளர்ந்தது. மூளை சுரக்கும் ஓமோன் முன்மார்புச் சுரப்பியைத் தூண்டுகின்றது; அச்சுரப்பியே தோலுரித்தல் ஓமோனைச் சுரக்கின்றது. இரு தரப்பும் சரியே. ஒவ்வொன்றும் சங்கிலியின் ஒரு கண்ணியைக் கண்டிருந்தது.

மூளை எவ்வாறு சுரக்க முடியும் என்ற வினாவுக்கு விடையளித்தவருள் ஏர்ன்ஸ்ற் ஷாரர், பேர்ட்டா ஷாரர் தம்பதியர் முதன்மையானவர். 1928இல் மீனின் மூளையிற் சுரக்கும் நரம்புக்கலங்களைக் கணவர் கண்டார். முள்ளந்தண்டற்ற விலங்குகளில், சிறப்பாகக் கரப்பான் பூச்சியில், மனைவி அவற்றை ஆராய்ந்தார். நாசி ஆட்சியை வெறுத்து 1937இல் அமெரிக்கா சென்ற இவர்களுள், பேர்ட்டா ஷாரருக்குப் பல ஆண்டுகள் ஊதியமுள்ள பதவி கிடைக்கவில்லை. கணவன் பணிபுரியும் நிறுவனத்தில் மனைவிக்குப் பதவி அளிப்பதை அக்கால விதிகள் தடுத்தன. ஊதியமின்றி, விலைகொடாது கிடைத்த கரப்பான்களைக் கொண்டு அவர் செய்த ஆய்வுகளே நரம்புச் சுரப்பியலின் அடித்தளங்களுள் ஒன்றாக அமைந்தன. பேராசிரியர் பதவி அவருக்கு 1955இலேயே கிடைத்தது.

கோபெச் இவற்றையெல்லாம் காண உயிரோடிருக்கவில்லை. 1941 மார்ச்சில் வார்சாவில், நாசிகளுக்கு உடந்தையாயிருந்த நடிகர் ஒருவரை எதிர்ப்பியக்கத்தினர் கொன்றமைக்குப் பழியாகப் பணயக்கைதிகள் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவராகப் பல்மிரிக் காட்டிற் கோபெச் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 53 நிறையவில்லை. முன்மார்புச் சுரப்பி பற்றிய புக்குடாவின் கட்டுரை வெளிவந்து ஓராண்டுகூடச் சென்றிருக்கவில்லை.

ஐந்நூறு கிலோவும் இருபத்தைந்து மில்லிகிராமும்

பதார்த்தம் உண்டென்பது நிறுவப்பட்டபின் அதைத் தூய நிலையிற் பெறும் பணி எஞ்சியது. ஜேர்மனியில் அடொல்ப் பூட்டெனாண்ட், பீற்றர் கால்சன் ஆகிய இருவரும் 1954இல் இதிற் வெற்றி கண்டனர். ஏறத்தாழ 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்கள் பெற்றது 25 மில்லிகிராம் பளிங்கு மட்டுமே. இதற்கு எக்டைசோன் எனப் பெயரிட்டனர். ஒவ்வொரு பிரித்தெடுப்பின் பின்னரும் எப்பகுதியில் ஓமோன் உள்ளது என்பதை அறிய, பிரெங்கலின் முறைப்படி கட்டப்பட்ட இலையான் புழுக்களே சோதனைக்களமாயின. ஒரு மைக்கிரோகிராமின் நூறில் ஒரு பங்களவே ஒரு புழுவின் மாற்றத்துக்குப் போதுமாயிருந்தது.

பூட்டெனாண்ட் 1939இன் நோபல் பரிசுக்குரியவர். அதனை ஏற்கவிடாது தடுத்த நாசிக் கட்சியிலேயே 1936இல் உறுப்பினரானவர். ஒரே ஆய்வு மரபின் ஒரு முனையில் அவ்வாட்சியாற் கொல்லப்பட்டவரும் மறுமுனையில் அதன் கீழ்ப் பதவி வகித்தவரும் நிற்கின்றனர். முடிபின் உண்மையை இது பாதிப்பதில்லை. எனினும் அறிவியல் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்போர், யார் ஆய்வைத் தொடர முடிந்தது, யார் தொடர முடியவில்லை என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

1965இல் ஹூபர், ஹொப்பே ஆகியோர் ஊடுகதிர் முறையால் எக்டைசோனின் கட்டமைப்பைத் தீர்மானித்தனர். அது ஒரு ஸ்டீரொயிட். மனிதனின் பால் ஓமோன்கள் சேர்ந்த அதே இரசாயனக் குடும்பம். பூச்சிகளுக்கு ஓமோன்களே இல்லை என்ற பழைய விதியின் கதி இதுவாயிற்று! 1966இல் அவுஸ்திரேலியாவில் ஒரு தொன் சிங்கி இறால் கழிவிலிருந்து, எக்டைசோனோடு ஓர் ஐதரொட்சித் தொகுதி மேலதிகமாகச் சேர்ந்த பதார்த்தம் 2 மில்லிகிராம் அளவிற் பெறப்பட்டது. புறவன்கூடுடைய இவ்விரு வகுப்பினரிடையும் தோலுரித்தல் ஓமோன் பொதுவானது என்பது இதனாற் தெளிவாயிற்று.

ஓமோன் உண்டாகும் முறை

இன்று நாம் அறிந்துள்ள முறையைச் சுருக்கமாகக் கூறலாம். மூளையிலுள்ள சில நரம்புக்கலங்கள், முன்மார்புச் சுரப்பியைத் தூண்டும் புரத ஓமோனைச் சுரக்கின்றன. இலட்சக்கணக்கான பட்டுப்பூச்சித் தலைகளைக் கொண்டு நெடுங்காலம் முயன்ற யப்பானிய ஆய்வாளர் 1990இல் இதன் அமினோவமில ஒழுங்கை முழுமையாக அறிவித்தனர். கோபெச் உய்த்துணர்ந்த பதார்த்தம் இதுவே. இதனை ஏற்கும் வாங்கி எது என்பது பழ ஈயில் 2009இல் வெளிப்பட்டது.

தூண்டப்பட்ட சுரப்பி கொலஸ்திரோலை மூலப்பொருளாகக் கொள்கின்றது. பூச்சிகள் இதனைத் தாமாகத் தொகுக்க இயலாதவை. உணவிலிருந்தே அதனையோ அதனையொத்த தாவரப் பதார்த்தங்களையோ பெறவேண்டும். இம்மூலப்பொருளின் மீது நொதியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பட்டு ஐதரொட்சித் தொகுதிகளை உரிய இடங்களிற் சேர்க்கின்றன. இந்நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகள் பலவற்றைப் பழ ஈயின் முளைய விகாரங்களை ஆராய்ந்தவர்களே முதலில் வேறொரு நோக்கத்துக்காகக் கண்டிருந்தனர். புறத்தோலின்றி ஆவிபோன்று தோன்றிய முளையங்களைக் கண்டு, பேய், நிழல் முதலிய பெயர்களை அவற்றுக்கு இட்டனர். அவை ஓமோன் தொகுப்பின் படிகள் என்பது 2000ஆம் ஆண்டையடுத்தே புலனாயிற்று.

சுரப்பியிலிருந்து குருதியிற் கலக்கும் எக்டைசோன் கொழுப்புடல் முதலிய இழையங்களில் மேலும் ஓர் ஐதரொட்சித் தொகுதியைப் பெற்று, முழு ஆற்றலுள்ள வடிவத்தை அடைகின்றது. பின்னர் கலத்தினுள் வாங்கியொன்றோடு இணைந்து பரம்பரையலகுகளை இயக்குகின்றது. 1960இல் கிளெவரும் கால்சனும் நுளம்பையொத்த ஒரு சிறு பூச்சியின் புழுவில் எக்டைசோனை ஏற்றியபோது, அதன் பெரும் நிறமூர்த்தங்களில் குறித்த இடங்கள் வீங்கியெழுந்தன. ஓர் ஓமோன் பரம்பரையலகின் மீதே தொழிற்படுகின்றது என்பதற்குக் கிடைத்த முதற் சான்றுகளில் இது ஒன்று. பூச்சிகளைப் பற்றிய கேள்வி இவ்வாறு உயிரியல் முழுவதற்குமான விடையாயிற்று.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். எக்டைசோனைக் கண்டுபிடித்தவர் யார்? நூலாற் கட்டிய கோபெச்சா, சுரப்பியைப் பதித்த புக்குடாவா, கண்ணிகளை இணைத்த வில்லியம்ஸா, பளிங்கைப் பெற்ற பூட்டெனாண்டும் கால்சனுமா? தனியொருவரைச் சுட்டும் விடை எதுவும் ஏனையோரை மறைத்துவிடுகின்றது. ஊதியமின்றி உழைத்தவரும் சுட்டுக்கொல்லப்பட்டவரும் பட்டியலில் எளிதாக விடுபட்டுப்போகின்றனர். பட்டுப்புழுவை ஆய்வுகூடத்துக்குரிய உயிரியாக்கிய குடியானவரும் ஆலைப் பெண்களும் பட்டியலில் என்றுமே இடம்பெற்றதில்லை.

பொருளாதார விளக்கமும் தனித்து நின்று போதுமானதாகவில்லை. பட்டுப்புழு யப்பானில் ஏன் அவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்டது என்பதையும், பூச்சியியலுக்கு இலண்டனில் ஏன் பதவி இருந்தது என்பதையும் அது விளக்குகின்றது. ஆயின் தாமே செய்த பரிசோதனையின் எதிர்மறை முடிபோடு அமையாது கோபெச் ஏன் மீண்டும் கேட்டார் என்பதையும், அவருக்குக் கிடைத்த விடை ஏன் பத்தாண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதையும் அது விளக்கவில்லை. சமூகம் வாய்ப்புகளையும் தடைகளையும் உண்டாக்குகின்றது. அவற்றினூடே கேள்வி கேட்கும் மனிதனும் மெய்யானவன். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும் வரலாறே முழுமையான வரலாறாகும்.

நமது பல்கலைக்கழகங்களில் வசதிக் குறைவு பற்றிப் பேசுவது வழக்கம், அது நியாயமானதே. எனினும் இவ்வரலாற்றின் திருப்புமுனைகள் பல நூல், மெழுகு, கத்தி, பொறுமை ஆகியவற்றைக் கொண்டே நிகழ்ந்தன. அவற்றினும் அரிதாயிருந்தது, ஏற்கப்பட்ட விதியை மீண்டும் சோதிக்கும் துணிவும் அத்துணிவை வாழவிடும் சமூகமுமே. முதலாவதை மாணவரிடத்து வளர்ப்பது ஆசிரியர் கடன். இரண்டாவதைக் காத்தல் நம் எல்லோரதும் கடனாகும்.